தரை தெரிகிறது

“இழுங்கலே, மூச்சைப் பிடிச்சு இழுங்க” என்று உப்பளத் தொழிலாளர் சங்கச் செயலாளர் பால்ச்சாமி வரப்பின் மேல் நின்று கத்த, இருபது பேர் குதிகால் சேற்றில் புதையக் கயிற்றை இழுத்தார்கள். மேலே இருந்தவர் தன் பாராசூட் பட்டைகளை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு உதட்டைக் கடித்தார், கயிறு விறைத்தது, முனகியது, பிறகு அவருடைய இடதுகால் பூட்ஸ் கழன்று வர ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராக உப்புத்தண்ணீரில் மல்லாந்தார்கள். மேலே ஒன்றும் மாறவில்லை. ஆரஞ்சும் வெள்ளையுமான அந்தப் பெரிய குடை விரிந்தபடியே நின்றது. அதன் கீழே, தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் கம்பளிக் காலுறையுமாக அவர் நின்றார். நின்றார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தொங்குகிறார் என்பது ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்லத்தக்க வார்த்தையாக யாருக்கும் படவில்லை.

“பாத்தியை மிதிச்சுக் கலக்கிட்டீங்களே, பாவிகளா” என்றாள் லிங்கக்கனி.

பாத்தி அவளுடையது. அவளுடையது என்றால் கம்பெனிக்குச் சொந்தமானது, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடந்த அந்த உப்பளத்தில் அவளும் அவள் புருஷன் தவசியும் பாடுபட்டு, உப்பு வாரி, அம்பாரம் குவித்துக் கொடுக்கிறவரை அவர்களிடம் இருப்பது. மாசி மாதம் பாத்திக்கு முதல் தண்ணீர் விட்ட காலையில் அவர் வந்தார். மனிதர்களை வானத்துக்கு அப்பால் அனுப்பத் தொடங்கியிருந்த முதல் வருசங்கள் அவை. உருண்டையான கலம் ஒன்றில் உட்கார்ந்து பூமியைச் சுற்றிவிட்டு, திரும்பும் வழியில், பழக்கியிருந்தபடியே இருக்கையோடு கலத்திலிருந்து வெளியே பாய்ந்து, கலம் ஒரு பாராசூட்டிலும் தான் ஒரு பாராசூட்டிலுமாக இறங்கத் தொடங்கி, கலம் அவர் நாட்டுக் கோதுமை வயல் ஒன்றில் போய் இறங்க, அவர் மட்டும் லிங்கக்கனியின் பாத்திக்கு மேலே இரண்டு ஆள் உயரம்வரை வந்து, அதற்குமேல் வராமல் இருந்துவிட்டார். பெயர் அர்க்காதி. ஊர் அர்க்காடி அண்ணாச்சி என்றது.

முதல் நாள் சாயங்காலமே சங்கத்து வானொலிப் பெட்டி, ருஷ்ய விண்வெளி வீரர் அர்க்காதி லுகோனின் தன் கலத்துக்குள் அமர்ந்தவாறே பத்திரமாகத் தரையிறங்கினார், நலமாக இருக்கிறார் என்று சொன்னது. சங்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். பிறகு வெளியே வந்து பாத்திப்பக்கம் பார்த்தார்கள்.

“கலத்துக்குள்ள உக்காந்து எறங்கினவருக்கு இந்தக் குடை எதுக்கு?” என்று லிங்கக்கனி கேட்டாள்.

“எக்கா, அது பெரிய எடத்து விசயம். அவருந்தான் இவரு, இவருந்தான் அவரு” என்றார் பால்ச்சாமி.

“ரெண்டும் ஒருத்தருன்னா எறங்கினதுக்கு அடையாளமா இவரையும் எறங்கச் சொல்லும்.”

பத்து நாள் கழித்து வந்த செய்தித்தாளில் படம் இருந்தது. அதே முகம், அதே அகலமான நெற்றி, விரித்த கம்பளத்தின் மேல் நடக்கிறது, கழுத்தில் மாலை, சுற்றிலும் கூட்டம். பால்ச்சாமி தாளைக் கம்பில் குத்தி உயர்த்திப் பிடித்தார். மேலே இருந்தவர் அதை வெகுநேரம் பார்த்தார். அதற்குள் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. நாளெல்லாம் உப்பளத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறவருக்கு அது வராமலிருந்தால்தான் அதிசயம்.

“அவருக்கு ரெண்டு கால்லயும் பூட்ஸ் கெடக்கு” என்றார்.

ஊர் அவரை ஏற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. கம்பு நுனியில் வாளி கட்டிச் சோறு அனுப்பினார்கள், மீன் குழம்பு காரம் என்று அவர் கண்ணைத் துடைத்தபோது மறுநாளிலிருந்து காரத்தைக் குறைத்தார்கள், மற்றதற்கு இன்னொரு வாளி கட்டினார்கள், அதைக் கொண்டுபோய்க் கொட்ட வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள், பாத்தி லிங்கக்கனியுடையது என்பதால் முறையில் பாதி நாள் அவள் தலையிலேயே விழுந்தது. கல்யாணம் முடிந்த ஜோடிகள் அவர் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டன. மாதா கோவில் சாமியார் ஒருமுறை வந்து, அங்கே மேலே என்ன பார்த்தீர் என்று கேட்டார். கறுப்பு என்றார் அர்க்காதி. சாமியார் அதற்கு மேல் கேட்காமல் ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மேளக்காரர்கள் அவர் காதுக்கு இதமாக இருக்கும்படி மெதுவாக அடித்தார்கள், கொடை சோபிக்கவில்லை என்று பிறகு சண்டை வந்தது. சங்கத்தில் அவருடைய பூட்ஸைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தவசி மண்வெட்டியை வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்பாரம் மூடுவதற்கென்று அடுக்கி வைத்திருந்த பனையோலைகளை எடுத்து, அவர் காலுக்கு நேர் எதிரே வரப்பின்மேல் ஒரு தேநீர்க் கடை வேய்ந்தான்.

“ஓலையை எடுத்துக் கடை போட்டுட்டீங்க, மழைக்கு உப்பை எதை வச்சு மூட?” என்றாள் லிங்கக்கனி.

“ஏளா, மழைக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு. உப்பு எங்க இருக்கு மூடுததுக்கு?”

அதுதான் விசயம். உப்பு இல்லை. குடையின் நிழல் காலையில் பாத்தியின் மேற்குப் பாதியில் விழுந்தது, உச்சியில் நடுவில் விழுந்தது, சாயங்காலம் கிழக்குப் பாதியில் விழுந்தது. சுற்றியிருந்த பாத்திகளிலெல்லாம் வெயில் தண்ணீரைக் குடித்து உப்பை விட்டுவைத்துப் போக, உப்பு வாரும் பலகைகள் கரகரக்க, பெண்கள் ஓலைப்பெட்டியில் வெள்ளை வெள்ளையாகச் சுமந்து போக, அவள் பாத்தியில் மட்டும் ஆரஞ்சு நிறம் படிந்த தண்ணீர் வெதுவெதுவென்று கிடந்தது. கையை விட்டால் அடியில் குருணை மாதிரி ஏதோ நெருடும், அள்ளினால் விரலிடுக்கில் கரைந்துபோகும். சூரியனோடு சேர்ந்து அவளும் ஓடினாள், நிழல் விலகிய பக்கத்துக்குத் தண்ணீரை மடைமாற்றினாள், நிழல் வந்ததும் திரும்ப மாற்றினாள், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் தூக்கி அங்குமிங்கும் நடத்திவிட்டு ராத்திரி கை வீங்கிக் கிடந்தாள்.

கம்பெனிக் கணக்கப்பிள்ளை சிவசூரியன் சைக்கிளை வரப்பில் நிறுத்தி மூக்கைச் சுளித்தார். “என்னம்மா, எல்லாப் பாத்தியிலயும் அம்பாரம் நிக்கி, ஒனக்கு மட்டும் ஆட்டுக்குட்டி படுத்தாப்ல கெடக்கு.”

“நெழல் விழுது, அய்யா. மேல பாருங்க.”

அவர் மேலே பார்த்துக் கும்பிட்டார், அர்க்காதியும் கும்பிட்டார். “வெயில் அடிக்கலைன்னா எழுதிக்கலாம், மழை பெஞ்சா எழுதிக்கலாம். நெழல்னு எழுத கம்பெனியில எடம் இல்ல. மழைக்குள்ள அம்பாரம் இடுப்பளவு ஏறணும். இல்லைன்னா பாத்தி வேற ஆளுக்கு.”

பாத்தி போனால் அவள் கூலிப் பெட்டி சுமக்கப் போகவேண்டும், அதற்கு அவள் முழங்கால் இனி வளையாது. அதை அவள் கணக்கப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

ஊரைக் கூட்டிச் சொன்னாள். ஊருக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது. அண்ணாச்சியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவது நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கே தள்ளுவது என்றபோது கிழக்குப் பாத்திக்காரர் தன் மகள் கல்யாணத்தைச் சொன்னார், மேற்குப் பாத்திக்காரர் கிழக்குப் பாத்திக்காரரைச் சொன்னார், பொதுவான வழியில் நிறுத்தலாம் என்றால் லாரி போக வேண்டும். அவளே ஒரு கயிறு கட்டி அவரைக் கடற்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவர் மறுக்காமல் வந்தார், மணலுக்கு மேலே போய் நின்றார், கயிற்றை விட்டதும் வீட்டுக்குத் திரும்பும் மாடு மாதிரி வந்த வழியே மிதந்து வந்து பாத்திக்கு மேலே நின்றுகொண்டார்.

“மன்னிச்சுக்க எக்கா. நான் வரல, அது வருது” என்றார்.

அவரை இறக்க முடியாவிட்டால் தரையை ஏற்றிவிடலாம் என்று பிறகு ஒரு யோசனை வந்தது. உப்பளத்துக்காரர்களுக்கு இயல்பாக வரும் யோசனை அது. தண்ணீர் வராத பாத்தியைத் தாழ்த்துவதும் தங்காத பாத்தியை உயர்த்துவதும் அவர்கள் பிழைப்பு. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடிக் கூடை கூடையாகச் சேற்றை அவர் காலடியில் கொட்டியது. மேடு ஒரு முழம் எழுந்தது, அவர் ஒரு முழம் எழுந்தார். மேடு ஓர் ஆள் உயரம் எழுந்தபோது அவர் மேட்டிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், இன்னும் பெரிய நிழலோடு, பனை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டிய சேறு லிங்கக்கனியின் பாத்தியிலிருந்தே வெட்டப்பட்டது என்பது சாயங்காலம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மேட்டைக் கலைத்து, பள்ளத்தை நிரப்பி, பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டியாக்க அவளுக்குச் சித்திரை முழுவதும் ஆயிற்று.

அர்க்காதி ஒவ்வொரு நாள் விடிகாலையிலும், முதல் பெட்டி தலைக்கு ஏறும் நேரத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொல்வார்: “உயரம் ரெண்டு ஆள். உடம்பு நல்லா இருக்கு. தரை தெரிகிறது.” முதலில் தன் மொழியில் சொன்னார், பிறகு தமிழில். அதைக் கேட்டு அடுப்பு மூட்டினார்கள், அதைக் கேட்டு பால் கறந்தார்கள், சங்கு ஊதுகிற ஆலைக்கு அந்தப்பக்கம் மதிப்புக் குறைந்தது.

“தெனமும் யாருக்குச் சொல்லுதீரு?” என்று ஒருநாள் லிங்கக்கனி பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“கேக்கிறவங்களுக்கு.”

“கேக்கது நான் ஒருத்திதான். பதில் சொல்லட்டுமா?”

“சொல்லு எக்கா.”

“தரை தெரியுதுல்லா? அப்பம் எறங்கும். இடுப்புல கத்தி இருக்கு, நான் பாத்தேன். பட்டையை அறுத்துட்டுக் குதிக்க வேண்டியதுதான? ரெண்டு ஆள் ஒசரம். எங்க ஊர்ப் பயலுவ பனையில இருந்து இதவிட ஒசரத்துல விழுந்துட்டு எந்திச்சுப் போறானுவ.”

“அதான் எக்கா. விழுதது வேற. எறங்குதது வேற.” அவர் கைகளை விரித்து விளக்க முயன்றார். “கால் தரையில படணும். பொறவு பட்டையை அவுக்கணும். பொறவு தலைக்கவசத்தைக் கழட்டணும். பொறவு போயி, பயணம் முடிஞ்சுது, அடுத்த வேலை என்னன்னு நேர்ல சொல்லணும். நூறு தடவை குதிச்சுப் பழகியிருக்கேன். மேல இருக்கும்போதே அறுத்தா அது எறங்கினதா ஆவாது. வானத்துக்குப் போனவன் விழுந்து செத்தான்னு ஆவும், இல்ல விழுந்து பொழைச்சான்னு ஆவும். போய்ட்டு வந்தான்னு ஆவாது.”

“போய்ட்டு வந்தான்னு அவரைத்தான் எழுதியாச்சே. மாலையும் போட்டாச்சு.”

அவர் முகம் சிவந்தது. வெயிலில் ஏற்கெனவே சிவந்திருந்த முகம். அந்த வெக்கையிலும் அவர் தலைக்கவசத்தைக் கழற்றியதில்லை. “அதுனாலதான் எக்கா” என்றார். “அதுனாலதான் நான் ஒழுங்கா எறங்கணும்.”

“நீரு ஒழுங்கா எறங்குததுக்குள்ள நான் ஒழுங்கா தெருவுக்கு வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு அவள் பலகையைத் தண்ணீரில் எறிந்தாள். பிறகு அவளே போய் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு வாளிகளையும் அவள் தொடவில்லை. மறுநாள் காலை அவர் அறிவிப்பைச் சொல்லும்போது குரல் கம்மியிருந்தது, ஊரில் பாதிப் பேர் நேரம் தவறி எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு இருவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் நிழல் எப்போது எந்த வரப்பைத் தொடும் என்று மேலே இருந்து அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் மடைமாற்ற வேண்டிய நேரத்துக்கு ஒரு சீட்டி அடிப்பார், அவள் நிமிராமல் மண்வெட்டியை எடுப்பாள். வாயிலும் மனசிலும் திட்டிக்கொண்டேதான் எடுப்பாள். கைகளை உடம்போடு ஒட்டி, கால்களை மடக்கி, தன் சொந்த நிழலை மட்டுமாவது சிறிதாக்கிக்கொண்டு அவர் உச்சிவெயில் நேரத்தைக் கழித்தார். அதில் ஒரு முறம் உப்புகூட அதிகம் விளைந்திருக்காது. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தபோது அம்பாரம் முழங்காலைத் தாண்டியிருந்தது. புரட்டாசி முடிகிறபோது இடுப்புக்கு ஒரு சாண் குறைவாக நின்றது, ஐப்பசி பிறந்து, மற்றவர்களெல்லாம் பலகையைக் கழுவி வைத்துவிட்ட பிறகும் அவள் வாரிக்கொண்டிருந்தாள், ஒரு செவ்வாய்க்கிழமை இடுப்பைத் தொட்டது. அவள் அம்பாரத்தின் பக்கத்தில் நின்று கையால் அளந்து பார்த்தாள். மேலே இருந்து ஒரு சீட்டி வந்தது. “ஆமா, பெருசா” என்றாள்.

கணக்கப்பிள்ளை வெள்ளிக்கிழமை வந்து அளப்பதாக இருந்தது. வியாழக்கிழமை தூத்துக்குடி மைதானத்துக்கு விண்வெளி வீரர் அர்க்காதி லுகோனின் வருவதாக இருந்தது. நாடு நாடாகப் போய்க் கையசைத்துக்கொண்டிருந்தவர் அந்த வாரம் நம் பக்கம் வந்திருந்தார். சங்கம் இரண்டு லாரி பிடித்தது. ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் குளித்துத் தலைசீவி ஏறினார்கள். தவசி கடையைச் சாத்தினான். பால்ச்சாமி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பூட்ஸை எடுத்து, துடைத்து, தாம்பாளத்தில் வெற்றிலையும் பூவும் பரப்பி அதன் நடுவே வைத்தார்.

“அதை எங்க கொண்டுபோறீரு?” என்று மேலே இருந்து குரல் வந்தது.

“மேடையில வச்சு மரியாதையாத் திருப்பிக் குடுக்கப் போறோம், அண்ணாச்சி.”

“அது என் பூட்ஸ்.”

“ஒங்க கையிலதான குடுக்கப் போறோம்” என்றார் பால்ச்சாமி, சற்று வருத்தத்தோடு, இவ்வளவு காலம் பழகியும் புரிந்துகொள்ளாத ஒருவரிடம் பேசுவதுபோல. “நாங்க வேற யாருக்காச்சும் குடுத்துருவமா?”

லாரிகள் போயின. காலையிலேயே கிழக்கில் கடலுக்கு மேலே கறுத்திருந்தது. உச்சிக்கு மேல் காற்று திரும்பியது, குளிர்ந்தது. உப்பளத்தில் மற்ற அம்பாரங்களெல்லாம் ஓலை போர்த்திக் கயிறு கட்டிக் கிடந்தன. லிங்கக்கனி தேநீர்க் கடையின் மேல் ஏறி ஓலைகளைப் பிய்த்தாள். ஏழு மாதம் அடுப்புப் புகையிலும் வெயிலிலும் கிடந்தவை கையோடு நொறுங்கி வந்தன. நல்லதாகப் பத்து ஓலை தேறியது. அம்பாரத்தின் மேல் ஒன்றை வைத்து அடுத்ததை எடுக்கத் திரும்புவதற்குள் காற்று முதலாவதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவள் அதன் பின்னால் ஓடினாள், தடுக்கி விழுந்தாள், எழுந்தாள், ஓலையைப் பிடித்து வந்து அம்பாரத்தின் மேல் போட்டுத் தானும் அதன்மேல் குப்புறப் படுத்தாள். இரண்டு கையையும் விரித்தால் அம்பாரத்தில் கால்பங்குகூட மூடவில்லை. முதல் துளி அவள் கழுத்தில் விழுந்தது. அடுத்தது உப்பில் விழுந்து சின்னக் குழியைச் செய்தது.

அவள் மேலே பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

“உயரம் ரெண்டு ஆள்” என்று அவர் சொல்வது காற்றில் கேட்டது. அது காலைநேரம் இல்லை. “உடம்பு நல்லா இருக்கு.” துளிகள் நெருங்கி விழத் தொடங்கின. பிறகு பட்டை அறுபடும் சத்தம், தடித்த துணியைப் பல்லால் கிழிப்பது மாதிரி, ஒருமுறை, இன்னொரு முறை, இன்னும் ஒருமுறை. அதன்பின் பாத்தியில் பெரிய கல் விழுந்ததுபோல் தண்ணீர் எழும்பி அவள் முதுகில் அடித்தது.

குடை, தன்கீழ் யாரும் இல்லாததை மெதுவாக உணர்ந்ததுபோல, ஓரம் ஓரமாகச் சுருங்கி, வயிறு சரிந்து, பாத்தியின் மேல் படுத்தது. அவர் கணுக்காலளவு தண்ணீரில் நாலு காலில் நின்று இருமினார். எழுந்தார், விழுந்தார், பூட்ஸ் இல்லாத காலை நொண்டிக்கொண்டு மறுபடி எழுந்தார்.

“மேக்கால பிடியும்” என்றாள் லிங்கக்கனி.

அவர் மேற்கு ஓரத்தைப் பிடித்தார், அவள் கிழக்கு ஓரத்தைப் பிடித்தாள், நனைந்து கனத்துப்போன துணியை இருவரும் இழுத்தார்கள். அது அம்பாரத்தின் மேல் ஏறியது, மூடியது, மூடியபின்னும் இன்னொரு அம்பாரத்துக்கு ஆகும் அளவு மீதி கிடந்தது, அதையும் மடித்து மேலே போட்டார்கள். காற்று அடியில் புகுந்து தூக்கியது. அவர் தன் நாட்டு முடிச்சு ஒன்றைப் போட்டார், அது நழுவியது. அவள் அதைப் பிரித்து உப்பளத்து முடிச்சாகப் போட்டாள். உப்பளத்தில் கல் கிடையாது. சேற்றைப் பாளம் பாளமாக வெட்டி முதல் மூலையில் வைத்தார்கள், இரண்டாவதில் வைத்தார்கள், தேநீர்க் கடை அடுப்பைத் தூக்கி மூன்றாவதில் வைத்தார்கள்.

அப்போது லாரிகள் வந்தன. மழையில் கூட்டம் கலைந்து பாதியிலேயே திரும்பியவர்கள், குதித்து இறங்கி, அவரவர் அம்பாரத்துக்குக் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓடினார்கள். கிழக்குப் பாத்திக்காரர் ஓடுகிற ஓட்டத்தில் அர்க்காதியின் தோளில் இடித்துக்கொண்டு, “வழியில நிக்காதவே” என்று சொல்லிவிட்டுப் போனார். பால்ச்சாமி காலித் தாம்பாளத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி சங்கத்துக்கு ஓடினார். தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, துணி கிளம்பிய பக்கத்தில் விழுந்து அமுக்கினான்.

“ஏளா, நீ பாக்கணுமே” என்று மூச்சு வாங்கச் சொன்னான். “மேடையில எல்லாருக்கும் முன்னால குனிஞ்சு, போட்டுருந்ததைக் கழட்டிட்டு, நாம குடுத்ததைப் போட்டுப் பாத்தாரு. அச்சா இருந்துச்சு. காலுக்குன்னே தச்சாப்ல. சனமெல்லாம் ஒரே கைதட்டல்.”

“அடுப்பு சரியுது, அந்த மூலையைப் பிடிங்க” என்றாள் லிங்கக்கனி.

தவசி போய்ப் பிடித்தான். மழை சரமாக இறங்க, சேறு பாளமாக வெட்ட வராமல் இளகிப்போயிற்று. அம்பாரத்தின் மறுபக்கத்தில் நான்காவது மூலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அங்கே வைக்க ஒன்றும் இல்லை. அர்க்காதி தாடைக்கடியில் இருந்த கொக்கியை விடுவித்துத் தலைக்கவசத்தைக் கழற்றினார், குனிந்து அதில் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி நிரப்பி, அந்த மூலையின் மேல் வைத்தார்.